ஓசி பிளேன் டிக்கெட்

“கதவை நல்லா மூடிருவாகளா தம்பி?” என்று மறுபடியும் கேட்டார் முத்துராமலிங்கம்.

காசிராஜனுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. கிரெடிட் கார்டுக்கு ஆள் சேர்க்க வந்த இடத்தில், ஒரு மணி நேரமாக விமானத்தின் கதவு, ஜன்னல், சக்கரம் என்றே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மனுஷர் பேனாவைத் தொடுவதாக இல்லை.

“மூடாம எப்படி அண்ணாச்சி ஓட்டுவாக? டவுன் பஸ்ஸா என்ன, படியில தொங்கிக்கிட்டுப் போக?” என்று சிரித்து வைத்தான்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முத்துராமலிங்கத்தின் பம்புசெட் கடை மாடியில்தான் அவருடைய வீடு. கீழே மதுரை பஸ் ஹாரன் அடித்தது. காசிராஜன் எழுந்து ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

இன்று ஆபீஸ் மூடுவதற்குள் ஒரு கையெழுத்தாவது கொண்டுவராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மதுரை மேனேஜர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறைமாதமாக இருக்கும் மனைவி பாலம்மாளிடம் அவன் இதை இன்னும் சொல்லவில்லை. காலையில் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் முதலாளி ஒருவர், கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரொக்கமே இருக்கட்டும்ப்பா” என்று அனுப்பிவிட்டார். மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான்.

“இந்த மாசத்துக்குள்ள சேர்ந்தா மொத வருஷம் சந்தா கிடையாது அண்ணாச்சி. டீசல் போட்டாலும் புள்ளி, மதுரையில சேலை எடுத்தாலும் புள்ளி. தீவாளிக்குள்ள மெட்ராஸுக்கு ரெண்டு பிளேன் டிக்கெட்டு ஓசி. நீங்களும் அம்மாவும் ஜம்முனு போயிட்டு வரலாம்.”

“அதெல்லாம் வெளங்குது. பில்லுத் தேதிக்கு மறுநாளு சரக்கு எடுத்தா, ஒண்ணரை மாசம் வட்டி இல்லாம ஓட்டலாம். ஒழுங்காக் கட்டிட்டா நமக்குத்தான் லாபம்.” காசிராஜன் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னார் முத்துராமலிங்கம். கெட்டிக்காரர்தான். ஆனால் அடுத்த நிமிடமே குரல் இறங்கிவிட்டது. “கடைசி வரைக்கும் உக்காந்தே போகலாமா? நடுவுல எந்திரிக்கச் சொல்ல மாட்டாகளே?”

காசிராஜன் சுவரைப் பார்த்தான். பட்டாளத்து உடுப்பில், ஒரு பக்கமாகச் சாய்ந்த மெரூன் தொப்பியோடு வாலிப முத்துராமலிங்கம் சட்டத்துக்குள் முறைத்துக்கொண்டிருந்தார். இந்த மீசைக்குள் இத்தனை பயமா என்றிருந்தது.

“பட்டாளத்துல இருந்து லீவுக்கு எதுல வருவீக அண்ணாச்சி?”

“ரயிலுதான். ஆக்ராவுல ஏறுனா இங்க வந்து சேருறதுக்குள்ள இடுப்பு கழண்டுரும்.”

சரிதான், பாவம், என்று நினைத்துக்கொண்டான். பயந்த ஆளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, கைவசம் இருந்த கடைசிச் சலுகையையும் எடுத்து விட்டான்.

“கவலையே படாதீக. கார்டு வச்சிருந்தா இன்சூரன்சும் சும்மாவே உண்டு. தப்பித் தவறி மேல இருந்து விழுந்தாக்கூட லட்சக்கணக்குல கெடைக்கும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். காபியோடு வந்த அங்காளம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். தொலைந்தோம் என்று நினைத்தான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கேட்டியாட்டி? விழுந்தா துட்டாம்!” முத்துராமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவுகளுக்கு முழங்காலு ரெண்டும் போயிருச்சு தம்பி. இனிமே எங்க இருந்து விழுறது?” என்றாள் அங்காளம்மாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. கீழே கண்டக்டர் “மதுரை, மதுரை” என்று கடைசிக் குரல் கொடுத்தார். காசிராஜன் காகிதங்களை வாரிப் பைக்குள் திணித்தான்.

“வேண்டாம்னா விட்டுருங்க. இந்த ஒரு கையெழுத்து இல்லைன்னா என் வேலை போயிரும், அது என் தலையெழுத்து. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பிளேனு மெட்ராஸ்ல தரையில வந்து நின்ன பொறவு, கதவுக்கிட்ட படி கொண்டாந்து வெப்பாக. கோயில் படியில எறங்குற மாதிரி அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு எறங்கலாம். அம்புட்டுத்தான். இதுக்குப் போயி பயப்படுதீகளே!”

“படியா?” முத்துராமலிங்கம் நிமிர்ந்தார். “நின்ன பொறவா?”

“நின்ன பொறவுதான்.”

“இவளும் கூடவே எறங்கலாமா?”

“ஆமா அண்ணாச்சி!”

“பேனாவைக் கொண்டா.”

கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். காசிராஜன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசலில் சந்தோஷம் தாங்காமல் நின்று திரும்பினான்.

“தைரியமாப் போங்க அண்ணாச்சி! மொத தடவை ஏறும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.”

முத்துராமலிங்கம் முழங்காலைத் தடவிக்கொண்டே, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

“ஏறுனது எத்தனையோ தடவை தம்பி. எறங்குனதெல்லாம் பாராசூட்லதான்!”