ஒரே முகத்தில் மூன்று நிலவு

கதவு இடிபட்ட வேகத்தில் கவிஞர் ஷெமாயாவின் கையிலிருந்த கரண்டி நழுவி அடஃபீனாப் பானைக்குள் விழுந்தது. நேற்றே அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்த கொண்டைக்கடலையும் ஆட்டுக்கறியும் அப்போதுதான் மூடி திறந்து மணக்கத் தொடங்கியிருந்தன.

"ஓய்வுநாள் அதுவுமா எவன் இப்படி இடிக்கிறான்?" என்றபடி அவர் மனைவி சிம்ஹா தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசலில் கடைவீதி அதிகாரி ஹுதைல் நின்றார். பின்னால் ஈட்டியோடு இரண்டு சேவகர்கள். கிரனாடா நகரத்தில் தராசு முதல் தகாத பார்வை வரை எல்லாவற்றையும் விசாரிக்கிறவர் அவர்தான். அவர் தெருமுனையில் இருமினால் போதும், கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள்.

"நீங்க வெளியவே நில்லுங்க" என்று சேவகர்களிடம் சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"கவிஞரே, பக்கத்து வீட்டு விதவை மௌரா வீட்டு முற்றத்துல போன வாரம் ஒரு காதல் பாட்டு வந்து விழுந்திருக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் யாரு வீடு?"

"எங்க வீடு."

"இந்தத் தெருவுல பாட்டு எழுதுறது யாரு?"

"நான்தான். ஆனா..."

"கல்யாணமான யூதன், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பொம்பளைக்குச் சீட்டு எறிஞ்சா என்ன தண்டனை தெரியுமில்ல? முப்பது சவுக்கடி. அப்புறம் மூட்டை முடிச்சோட ஊரை விட்டு வெளிய."

சிம்ஹா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "இவரா? நம்ம கோழி அந்தப் பக்கம் பறந்துட்டாக்கூடப் பிடிச்சிட்டு வர என்னைத்தானே அனுப்புவாரு!"

"பாட்டைக் கேளும்மா, அப்புறம் பேசு." ஹுதைல் கச்சையிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்தார். ஷெமாயாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கடகடவென்று வாசித்தார். "உன் முகம் நிலவு. உன் நெற்றி நிலவு. உன் மூக்கும் ஒரு நிலவு."

பயத்தில் வெளுத்திருந்த ஷெமாயாவின் முகம் குப்பென்று சிவந்தது.

"என்னது, மூக்கு நிலவா? ஒரே மூஞ்சில மூணு நிலவா? இதையா நான் எழுதினேன்னு சொல்றீங்க? சவுக்கடிகூடப் பரவாயில்ல ஐயா, இந்தப் பழி வேண்டாம்!"

"ஏன், அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"சந்தம் நொண்டுது. எங்க தெருக் கழுதைகூட இதைவிட ஒழுங்காத் தாளம் தட்டும்."

ஹுதைல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் இருக்கு. 'உன்னை நினைத்தால் என் ஈரல் வேகிறது, வாணலியில் வெங்காயம் போல.'"

சிம்ஹா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை எழுதினவன் காதலனே இல்ல, சமையல்காரன்" என்றார் ஷெமாயா. "போயி ஊர்ல இருக்கிற சமையல்காரனையெல்லாம் பிடிங்க!"

"வாயால யாரு வேணா சொல்லலாம், கவிஞரே. இதையே நீங்க எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பீங்க? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் நான் உங்களை விட முடியும்."

"ஓய்வுநாள்ல எழுதுறது எங்க மதத்துல பாவம். இன்னைக்கு நான் பேனாவைத் தொடமாட்டேன்."

"தெரியும். அதான் நானே கொண்டுவந்திருக்கேன்." மைக்கூடும் நாணல் பேனாவும் வெளியே வந்தன. கூடவே வழவழவென்று ஒரு புதுத் தாள்.

"எழுதுங்கன்னு நான் உங்களைச் சொல்லல. நான் பாட்டுக்குப் பேசுவேன்" என்றார் ஷெமாயா.

"பேசுங்க. நான் பாட்டுக்கு எழுதுறேன்."

"என்னங்க, வேண்டாம். பேசாம இருங்க" என்று சிம்ஹா அவர் கையைக் கிள்ளினாள். ஆனால் ஷெமாயா ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டார். சவுக்கு மறந்துபோனது. விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

"உன் மாதுளைக் கிளைகூடச் சுவர் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கிறது. நீ மட்டும் ஏன் ஜன்னலைத் திறக்க மறுக்கிறாய்?"

"மெதுவா, மெதுவா. ...மறுக்கிறாய். ம். அந்த ஈரல்?"

"தூக்கி எறிங்க. 'இந்தத் தெருவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினம் இரண்டு முறை வருகிறேன்.' அவ்வளவுதான்."

பேனா நின்றது. "மூணு முறைன்னு போடலாமா?"

"சந்தம் இடிக்கும்."

"சரி, ரெண்டே இருக்கட்டும்."

எழுதி முடித்த தாளை ஹுதைல் ஊதி ஊதி உலர்த்தினார். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்துப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அதை எழுதின ஆளு இதை எழுதியிருக்கவே முடியாது. உங்க மேல குத்தமில்ல."

ஷெமாயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்ததுமே வாயும் வந்துவிட்டது. "அந்தச் சமையல்காரன் கிடைச்சா என் பங்குக்கு ரெண்டு அடி சேர்த்துப் போடுங்க ஐயா!"

ஹுதைல் கசங்கிய பழைய தாளை அடுப்புச் சாம்பலில் போட்டார். புதுத் தாளை நான்காக மடித்து, அங்கியின் உள்பக்கம், நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாளில் கை வைத்தவர் அப்படியே நின்றார். வெளியே சேவகர்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அவர் திரும்பினார். கடைவீதியையே நடுங்க வைக்கும் அந்தக் குரல் இப்போது மூச்சுக்காற்றாகத்தான் வந்தது.

"போன பாட்டுக்கு மௌரா விழுந்து விழுந்து சிரிச்சாளாம், கவிஞரே... இதுக்குச் சிரிக்கமாட்டா இல்ல?"