துடைத்த வாள்

பெண்ணின் மாமன் நஹாக், மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கொண்டுவந்த சூரிக் என்னும் வாளை உறையிலிருந்து உருவியதும் அவர் முகத்தில் வெயில் தெறிக்கிறது. சீர் வாள் பளபளக்கட்டும் என்று மூன்று நாள் மணல் போட்டுத் தேய்த்தவன் மாப்பிள்ளை செரான்தான். பாட்டன் போரில் படியவிட்ட கருத்த ரத்தக்கறை, அவன் குடும்பத்துக்கு வீரன் வீடென்று பேர் வாங்கித் தந்த கறை, மணலோடு போய்விட்டது. எருமைக்கொம்புப் பிடி மட்டும் பழசாக இருக்கிறது. "நேத்துச் சந்தையில வாங்கினியா, தம்பி?" என்கிறார் நஹாக். பெண்வீட்டார் வெற்றிலை மெல்வதை நிறுத்துகிறார்கள். வாள் செல்லாதென்றால் மணப்பெண் ஹோவார் அவனுக்கு இல்லை. வாளுக்குப் பதிலாகப் பெண்வீடு தரவேண்டிய மாற்றுச்சீர்த் துணியை அவள் மடியில் இறுகப் பிடித்திருக்கிறாள்.

"பாட்டன் வாள்தான் ஐயா. அழகா இருக்கட்டும்னு நான்தான் தேச்சுட்டேன்." நஹாக் கூர்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுகிறார். தோல் பிளந்து, ஒரு சொட்டு ரத்தம் அலகில் உருள்கிறது. செரான் பதறிப்போய்த் தோள்துணியை நீட்டுகிறான். "தொடைக்காத மாப்ள. நீ தொடைச்சது போதும்." ரத்தத்தோடு வாள் உறைக்குள் இறங்குகிறது.