உறவினர் எவரும் இல்லை

மரியகொறற்றி ஒரு விண்ணப்பக் கோப்பைக் கொண்டுவந்து புஷ்பமலரின் மேசையில் பொத்தென்று போட்டாள்.

“அக்கா, இவ நல்லாப் புளுகிறா. இஞ்சை பிறந்து வளந்த பிள்ளை. பெரியம்மா, மாமி, மச்சாள் எண்டு ஒரு பஸ்ஸுக்குக் காணுமான சனம் இருக்கும். ஒருத்தரும் இல்லையாம்!”

வருமானம் குறைந்தவர்களுக்குக் குழந்தைகள் காப்பகக் கட்டணத்தைக் குறைத்துக் கொடுப்பது, அவசரக்காரருக்கு வரிசையை மீறி இடம் கொடுப்பது, இவைதான் ஒஸ்லோவின் அந்தப் பகுதி அலுவலகத்தில் இவர்கள் இருவருக்கும் வேலை. ஒருவர் முடிவெடுத்துக் கையெழுத்து வைத்தால் மற்றவரும் வைக்க வேண்டும்.

அந்த வருடம், 2006இல், புருசெத் காப்பகத்தில் ஒரேயொரு இடம்தான் மிச்சம் இருந்தது. கேட்டிருந்தவள் சுஜானி. இருபத்திரண்டு வயது. கையில் பதினான்கு மாதக் குழந்தை, புருஷன் இல்லை. திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை தொடங்குகிறது. இடம் கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை. பிள்ளையைப் பார்க்கச் சொந்தம் இருக்கிறவர்களுக்கு வரிசையை மீறி இடம் கிடையாது.

கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தாள். ஒரே வரி.

எனக்கு இந்த நாட்டில் உறவினர் எவரும் இல்லை.

புஷ்பமலர் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“திருப்பி அனுப்புவமே அக்கா? ஆதாரம் கேப்பம்.”

திருப்பி அனுப்பினால் மூன்று கிழமை போகும். அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் ஏறிவிடும்.

மரியகொறற்றி பேர்கன் நகரத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான். அவளுக்கு ஊர்ச்சனம் தெரியாது. புஷ்பமலருக்கு எல்லாம் தெரியும். எந்த வீட்டில் ஒரு சம்பளம், எந்த வீட்டில் இரண்டு, யார் பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே உலையில் சோறு பொங்குகிறார்கள், எல்லாம். அதனாலேயே அவள் கோயிலில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து இருந்தால் பக்கத்தில் இருக்கிற பெண்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். அவள் தனியே உண்டு, தனியே தட்டைக் கழுவிவிட்டு வருவாள்.

“ஒஸ்லோவிலை உங்களுக்குத் தெரியாத தமிழ்ச்சனம் ஆர்? சொல்லுங்கோ, மெய்யோ பொய்யோ?”

அலுவலர் தன் சொந்தக்காரரின் கோப்பைத் தொடக்கூடாது என்பது சட்டம். என்ன முறை என்று ஒரு வரி எழுதிக் கைமாற்றிவிட வேண்டும். நோர்வேக்காரர் என்றால் பின்பெயரைப் பார்த்தே சொந்தத்தைப் பிடித்துவிடலாம். தமிழரிடம் அது பலிக்காது. ஒருத்திக்குத் தகப்பன் பெயர், இன்னொருத்திக்குப் புருஷன் பெயர். வாயால் கேட்டால்தான் உண்டு.

புஷ்பமலர் பேனையின் மூடியைக் கழற்றினாள். மாட்டினாள். பிறகும் கழற்றினாள்.

அவள் எழுத வேண்டிய ஒரு வரி, கடிதத்தில் இருக்கிற ஒரு வரியைக் கொன்றுவிடும்.

“மெய்தான்,” என்றாள். “அவவுக்கு ஒருத்தரும் இல்லை.”

கையெழுத்து வைத்தாள். மரியகொறற்றி தோளைக் குலுக்கிவிட்டு, நின்ற நிலையிலேயே குனிந்து தன்னுடையதையும் வைத்தாள். கோப்பை எடுத்துக்கொண்டு திரும்பியவளுக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“பாவம் அக்கா. அப்ப தாயும் இல்லையோ?”

“செத்துப்போனா.”

பதினாறு மாதத்துக்கு முன், வெஸ்ட்லியில் தன் வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம், உன் தாய் செத்துப்போனாள் என்று சொல்லித்தான் புஷ்பமலர் கதவைச் சாத்தினாள்.

பிறந்தது ஆணோ பெண்ணோ என்று இவ்வளவு நாளும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கோப்பில் எழுதியிருந்தது: பெண். பெயர் வர்சா.