நாலாவது பொருள்

சர்ர்... டொக். சர்ர்... டொக்.

வந்தாச்சு. மணி எட்டரை.

எதிர்வீட்டிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வரும் சத்தம். அந்தச் சத்தம் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். பிறகு புரியாத மொழியில் முணுமுணுப்பு. கடைசியில் கதவின் கைப்பிடி மெல்ல ஒரு தடவை திரும்பும்.

பத்து நாளாக இதே கூத்து. சரியாக அவள் புருஷன் நைட் ஷிப்ட் போக ஆரம்பித்த நாளிலிருந்து.

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்று பெயர். அகராதி அலுவலகத்தில் சொற்களின் வரலாறு எழுதுகிறவள். பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை.

இன்றைய சொல், சமயப்பொறை.

‘பொறை’க்கு மூன்று பொருள் எழுதியாகிவிட்டது. ஒன்று, சுமை. இரண்டு, வயிற்றில் சுமக்கும் கரு. மூன்று, பொறுமை. நாலாவதாக, சமயத்தோடு சேர்ந்தால் என்ன பொருள்? ‘பிறர் சமயத்தைச் சகித்துக்கொள்ளுதல்’ என்று எழுதி அனுப்பியிருந்தாள். சாயங்காலமே பதிப்பாசிரியர் போனில் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது? சகிச்சுக்கறதுன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கே. பரந்த மனசு எங்க போச்சு?”

“காலைல மாத்தித் தரேன் சார்.”

மேசையில் இன்னொரு தாளும் இருந்தது. வீட்டுக்காரருக்கு எழுதியது. ‘எதிர்வீட்டு அம்மாளால் நிம்மதி இல்லை. காலி செய்யச் சொல்லவும்.’ இதற்கு மட்டும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மடமடவென்று வந்தது.

“ஒரு வரி எழுதிக் குடுங்க, மாசம் பொறந்ததும் கிளப்பிடறேன்” என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். “நமக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான். இருந்தாலும் பாருங்க...”

அந்த ‘இருந்தாலும்’ அவளுக்கும் இருந்தது. எதிர்வீட்டம்மாள் கும்பிடும் சாமி வேறு, கும்பிடும் மொழியும் வேறு. ராத்திரி வந்து வாசலில் முணுமுணுத்தால்? என்ன மந்திரமோ, யார் கண்டது!

தாழ்ப்பாள் போடலாம்தான். ஆனால் துருப்பிடித்த அந்தத் தாழ்ப்பாளை ஓங்கி அடித்தால்தான் விழும். ‘டமார்’ என்று கட்டடமே அதிரும். ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தூங்க வைத்த குழந்தை வீறிட்டு எழும். அதனால் வெறும் பூட்டுதான். கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலி. அதன்மேல் அகராதியின் ஆறு தொகுதிகள்.

வெளியே முணுமுணுப்பு ஆரம்பித்தது.

பயத்தில் அவள் வாயும் முணுமுணுத்தது. கான்வென்ட்டில் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்த ஜெபம். அவள் வீட்டுச் சாமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவசரத்துக்கு எது வருகிறதோ அது.

கைப்பிடி திரும்பியது.

அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குப் புருஷனை அனுப்பிவிட்டுத் தூங்கும் குழந்தையும் கையுமாக உள்ளே வந்தவள், சாவியைத் திருப்ப மறந்திருந்தாள்.

கதவு திறந்தது. நாற்காலி நகர்ந்தது. ஆறு தொகுதியும் தடதடவென்று சரிந்தன. குழந்தை வீறிட்டது.

அகராதி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

“யாரு? என்ன வேணும் உங்களுக்கு?”

வாசலில் எதிர்வீட்டம்மாள். இழுத்து நடக்கிற ஒரு கால், ஊன்றிக்கொள்ள ஒரு கைத்தடி. இடுப்பில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி.

“அடியம்மா! முதல்ல அந்தத் துடைப்பத்தைக் கீழ போடு. ஏன்டியம்மா, பச்சைப் புள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா கதவைத் திறந்து போடுவே?”

“நீங்க எதுக்கு ஆன்ட்டி தினமும் வந்து கைப்பிடியைத் திருப்பறீங்க?”

“பூட்டியிருக்கான்னு பாக்கத்தான். உன் வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போனதிலேர்ந்து உன் தாழ்ப்பாள் சத்தமே கேக்கல. எனக்கு இருப்புக்கொள்ளுமா?”

“அப்ப அந்த முணுமுணுப்பு?”

“என் பிரார்த்தனைதான். அதை உள்ள உக்காந்து சொன்னா என்ன, உன் வாசல்ல நின்னு சொன்னா என்ன? காவலும் ஆச்சு.” அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். “என் சாமியை உன் வாசலுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு கோச்சுக்காதேம்மா. உள்ள உன் சாமி பாத்துக்கும். வெளில ஒரு ஆள் வேணுமில்ல?”

அகராதி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அழுகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அது இருக்கட்டும், நகரு. தையல் மிஷின் எண்ணெய் கொண்டாந்திருக்கேன். துடைக்க ஏதாவது குடு.”

கையில் அகப்பட்ட தாளை நீட்டினாள். வீட்டுக்காரருக்கு எழுதிய தாள். அம்மாள் அதைக் கசக்கித் துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தாழ்ப்பாளை நாலு தடவை ஏற்றி இறக்கினாள். வெண்ணெய் மாதிரி ஓடியது.

“போடு பாப்போம்” என்று வெளியே போய் நின்றுகொண்டாள்.

அகராதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பொட்டுச் சத்தம் இல்லை. தோளில் குழந்தை விசும்பலை நிறுத்தியிருந்தது.

வெளியே நின்ற தடி நகரவில்லை.

“போட்டியா? ஒண்ணும் கேக்கலையே!”

“போட்டுட்டேன் ஆன்ட்டி. நீங்க போய்ப் படுங்க.”

சர்ர்... டொக். சர்ர்... டொக்.

அகராதி மேசைக்குத் திரும்பினாள். ‘சகித்துக்கொள்ளுதல்’ என்பதைக் குறுக்கே அடித்தாள். வேறு என்ன எழுதலாம் என்று யோசிக்கும்போது எதிர்வீட்டில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். அங்கேயும் துருப்பிடித்த தாழ்ப்பாள்தான் போலிருக்கிறது.

பேனா அப்படியே நின்றது.

இந்தப் பத்து நாளும் தாழிடாமலே கிடந்த அந்தக் கதவில் தாழ்ப்பாள் விழுந்து, இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.