நீக்கப்பட்ட பெயர்

‘பெர்மிஷன் டினைடு.’

மூன்றாவது தடவையும் திரையில் அதே பதில்தான். ஸ்டீபனுக்குச் சுர்ரென்று ஏறியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அந்த பிளாஸ்டிக் கம்பெனியில் பதினோரு வருஷமாக ஷிப்ட் சூப்பர்வைசர். நேற்றுவரை ‘ரூட்’ என்ற முழு அதிகாரப் பெயரில் நுழைந்து சர்வரில் எதையும் திறப்பான், மாற்றுவான். இன்று எல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

நேரே சிஸ்டம் ரூமுக்குப் போனான். சர்வரைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா மேடம், என் ரூட் பெர்மிஷனைப் புடுங்கிட்டீங்களா?”

“ஆமா ஸ்டீபன். நான்தான் எடுத்தேன்.”

“போன வாரம் டிசைன் ஃபைலெல்லாம் அழிஞ்சுதே, அது என் வேலைன்றீங்களா?”

“அப்படிச் சொல்லலை. ரூட்ல நுழைஞ்சு அடிக்கிற கமாண்டுல ஒரு ஸ்பேஸ் தப்பா விழுந்தாப் போதும், மொத்த ஃபோல்டரும் காலி. அழிக்கட்டுமான்னு சர்வர்ல ஓடுற லினக்ஸ் ஒரு வார்த்தை கேக்காது.”

“பதினோரு வருஷமா வேலை பாத்துக்கினு இருக்கேன். எனக்கே பாடமா?”

“லேபிள் பிரிண்டரை ரீஸ்டார்ட் பண்ற கமாண்டு மட்டும் உங்க பேர்ல வேலை செய்யும். உங்க வேலைக்கு அது போதும். மத்தது கிடையாது.”

“மேனேஜர் சொன்னாக்கூடவா?”

“யார் சொன்னாலும்.”

அடுத்த நிமிஷம் ஸ்டீபன், மேனேஜர் ஜனார்தனனின் எதிரில் நின்றான்.

“சார், ஒண்ணு அந்தம்மா இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“மொதல்ல உக்காருப்பா.” டிராயரைத் திறந்தார். “ஃபைல் அழிஞ்சது உன் ஷிப்ட்ல. மேலிடத்துல ஒரே கோபம். உன்னை டிஸ்மிஸ் பண்ண ஆர்டரே அடிச்சாச்சு. என் கையெழுத்துதான் பாக்கியா இருந்துச்சு.”

ஸ்டீபன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“அந்தப் பொண்ணு விடலை. ‘ரூட்ங்கிற ஒரே பேர்ல ஏழு பேர் உள்ளே போறாங்க. ஸ்டீபன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?’ன்னு மல்லுக்கு நின்னுச்சு. மூணு நாள் உக்காந்து பேக்கப்லேருந்து அத்தனை ஃபைலையும் மீட்டுச்சு. இனி ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் மாட்டக் கூடாதுன்னு ஏழு பேருக்கும் ரூட்டை நிறுத்திடுச்சு.”

குறுக்கே கோடு போட்ட அந்த டிஸ்மிஸ் ஆர்டரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“ரூட்லேருந்து உன் பேரை எடுக்குறதுக்கு முன்னாடி, இதுலேருந்துதாம்பா அது எடுத்துச்சு.”