கட்டிலோரக் கறை

நாயைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வந்த பிறகுதான், மாமனாரின் அறைத் தரையில் கை வைத்தாள் மருமகள்.

பலகைத் தரை. கட்டிலை ஒட்டினாற்போல் கறுப்புக் கறுப்பாகக் கறை.

"எல்லாம் உங்க துரையோட கைங்கரியம் மாமா. ராத்திரியானா அதுக்குக் கட்டிலோரம்தான் கக்கூஸ்."

துரை என்பது நாய்.

"வாயில்லாத ஜீவன் மேல பழி போடாதே. குட்டியிலேர்ந்து இல்லாத பழக்கம் இப்ப எப்படி வரும்?"

"அதுக்கும் வயசாகுதில்ல?"

அதோடு பெரியவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மகனிடம்தான் சொன்னார்.

மகன் மனைவியிடம் கேட்டான். "மெஷின் வெச்சுத் தேய்க்க ஆள் இருக்காங்க. நீ ஏன் முட்டி தேயத் தேய்க்கிறே?"

"இதுக்குப் போய் வெளியாளா? நானே பாத்துக்கறேன்."

"மகா கஞ்சம்," என்றார் பெரியவர், சுவரைப் பார்த்து.

மண்டியிட்டு உப்புத்தாளால் தேய்த்தாள். குறுக்கே இழுத்தால் கீறல் விழும் என்று மரத்தின் ரேகை போன போக்கிலேயே இழுத்தாள். தூள் பறந்து தலை நரைத்த மாதிரி ஆயிற்று. மேல்கறை போனது, ஆழத்தில் ஊறியது அசையவில்லை. வெளுக்கும் மருந்தில் துணியை நனைத்து அதன்மேல் போட்டுவைத்து, மறுபடி தேய்த்தாள். கடைசியில் வார்னிஷ்.

ஹால் சோபாவில் படுத்திருந்த பெரியவர் மகனைக் கூப்பிட்டார்.

"துரை எப்ப வருவான்னு கேளுடா."

"வார்னிஷ் காயட்டும் மாமா. நகம் பட்டா கோடு விழும்," அவளே பதில் சொன்னாள்.

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்."

நாய் இனி வராது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். சாக்கு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திவிடுவாள். கல்நெஞ்சுக்காரி.

வார்னிஷ் காய்ந்தது. கட்டில் பழைய இடத்துக்கு வந்தது. "போய் துரையைக் கூட்டிட்டு வரேன்ப்பா," என்று மகன் கிளம்பினான். நம்பாமலே தலையாட்டிவிட்டு, மத்தியான மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். அதைப் போட்டால் இடி விழுந்தாலும் தெரியாது.

விழித்துக் காலைக் கீழே வைத்தார். ஈரம்.

புதுத் தரையில் கட்டிலோரமாகத் தேங்கி நின்றது. கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. தண்ணீர்ச் செம்பு நிறைந்தபடி மேஜைமேல் இருந்தது. வீட்டில் நாய் இல்லை.

கட்டியிருந்த துணியின் முனை நனைந்து காலில் ஒட்டியது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மாற்றுத் துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, குனிந்து துடைத்தாள். எங்கிருந்து துடைக்கத் தொடங்க வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

"நானாம்மா?"

"துணியை மாத்திக்குங்க மாமா."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். அவர் மாற்றிக்கொண்டார்.

"என் பிள்ளைக்குத் தெரியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். கதவை முட்டித் திறந்துகொண்டு துரை பாய்ந்து வந்து பெரியவர் மேல் தாவியது. பின்னாலேயே மகன்.

ஈரத் துணியோடு எழுந்து, மருமகள் போட்டாள் ஒரு சத்தம்:

"வீட்டுக்குள்ள கால் வெச்சு ஒரு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள என்ன பண்ணி வெச்சிருக்கு பாருங்க உங்க நாய்!"