முழுக்கைச் சட்டை

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லீராதீகக்கா. ஒங்களத்தான் மலையா நம்பியிருக்கேன்."

வெள்ளைத்தாயிடம் அய்யம்மாள் இப்படிச் சொல்லிவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அந்த வெள்ளைத்தாய் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்!

பொன்னுத்தங்கம் வீட்டு வாசலில் குசுகுசுவென்று பேச்சு. பொன்னுத்தங்கம் மோவாயில் கையை வைக்கிறாள். அடுத்து ஆவுடைத்தாய் வீடு. அங்கேயும் அதே குசுகுசு. எல்லாரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில், வெள்ளைத்தாயோடு ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள்.

அய்யம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி, ஊரெல்லாம் தமுக்கடிக்காளே! இந்த ஓட்டவாச்சிகிட்டப் போயிச் சொன்னேனே, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

சொன்னது மகள் செல்வலட்சுமியைப் பற்றி. அந்த ஷெட்டிலேயே வேலை பார்த்த பத்தொன்பது வயதுப் பெண். மனசு தாங்காமல் போன ஒரு நாளில், தன் கையைத் தானே காயப்படுத்திக்கொண்டாள். ஊருக்கு டைபாய்டு என்று சொல்லி மூடி வைத்திருந்தார்கள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, வாரா வாரம் கூப்பிட்டு வைத்துப் பொறுமையாகப் பேசினார். அந்தப் புண்ணியவதி பேசப் பேசத்தான் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது.

"மூலையில தனியா உக்கார விடாதீங்கம்மா. நாலு பேரோட புழங்கட்டும். ஆனா ஏன், எதுக்குன்னு யாரும் நோண்டக் கூடாது" என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

இன்று காலையில் அவளாகவே கேட்டாள். "நாளைக்கு வேலைக்குப் போகட்டுமாம்மா? அண்ணன் முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிடுதேன்."

ரெண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்த முதல் ஆசை. அய்யம்மாள் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். உடுப்புக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது ஷெட்டில் எல்லாரும் செய்கிறதுதான். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற ஷெட் என்பதால், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பசை ஒட்டும், வேலை ஓடாது. இந்தக் கத்திரி வெயிலில் ஒருத்தி மட்டும் மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டு உட்கார்ந்தால், "என்னடி அங்கன, காட்டு பாப்போம்" என்று கையைப் பிடிக்காமல் விடுவார்களா? பிடித்தால் போச்சு. பிள்ளை மறுபடியும் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வாள்.

அதனால்தான் ஷெட்டுக்குப் பொறுப்பான வெள்ளைத்தாயிடம் போய், "எம் மகள மட்டும் சட்டைய மடிக்கச் சொல்லாதீகக்கா" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த மகராசி அம்மியிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"சரி, நீ போ." அவ்வளவுதான் பதில்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் அய்யம்மாள். அண்ணன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அது காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். அதைப் பார்த்த பிறகு 'போகாதே' என்று சொல்ல வாய் வரவில்லை.

விடிந்ததும், "நீ மெதுவா வாத்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வேன் நிற்கிற புளியமரத்தடிக்கு அய்யம்மாள் முந்திக்கொண்டு நடந்தாள். இன்றைக்கு வெள்ளைத்தாயின் கொண்டையைப் பிடித்து உலுக்காமல் விடுவதில்லை.

இவளைக் கண்டதும் பொன்னுத்தங்கம் பாய்ந்து வந்தாள்.

"வா அய்யம்மா, நீயே கேளு இந்த அநியாயத்த!"

மகள் வந்துவிட்டாளா என்று அய்யம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னையிலருந்து ஷெட்டுல எல்லாரும் மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போடணுமாம். மொதலாளி சொல்லல, போர்மேன் சொல்லல. இந்தம்மா போட்ட சட்டம்! நேத்து வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போறா. எதுக்குன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கா!"

அப்போதுதான் அய்யம்மாள் கவனித்தாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் முழுக்கைச் சட்டை. ஆவுடைத்தாய் புருஷனின் கல்யாணச் சட்டையையே எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்த வெக்கையில வெந்து சாகச் சொல்லுதா. தலைக்கனம் புடிச்சவ" என்று ஆவுடைத்தாயும் தன் பங்குக்கு வைதாள்.

வைகிற அத்தனை பேருக்கும் நடுவில், கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு கல் மாதிரி நின்றாள் வெள்ளைத்தாய்.

செல்வலட்சுமி வந்தாள். தலை குனிந்திருந்தது. சட்டைக் கையின் நுனியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிடித்திருந்த நுனியைத் தானாக விட்டாள்.

"பாருங்கடி இவள! சொல்லாமலே ஒழுங்கா வந்திருக்கா" என்று அதட்டினாள் வெள்ளைத்தாய். "ஏத்தா, எம் பக்கத்துல வந்து ஒக்காரு. வேல எம்புட்டுக் கெடக்கு தெரியுமா?"

செல்வலட்சுமி சிரித்தாள். பொன்னுத்தங்கம் கை கொடுக்க, வேனில் ஏறினாள்.

கடைசியாக ஏறப்போன வெள்ளைத்தாயின் கையை எட்டிப் பிடித்தாள் அய்யம்மாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஒங்களப் போயி என்னென்னமோ நெனச்சிட்டேனேக்கா. எம் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீக. எனக்காக இம்புட்டுப் பேரும் எத்தன நாளைக்கு இந்த வெக்கையில…"

வெள்ளைத்தாய் வேனுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவளா ஒரு நா மடிச்சு விடட்டும். அதுக்குப் பெறகு நாங்க மடிச்சுக்கிடுதோம்."